தொட்டி நிறைய நத்தை: மயில்துத்தம் போடலாமா, பஃபர் மீன் விடலாமா?

பீடோரில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். வீட்டு ஹாலில் இரண்டடித் தொட்டி. கப்பி மீன்கள், கொஞ்சம் செர்ரி இறால். ஒரு மாதத்துக்கு முன்னால் அவருடைய தம்பி பழைய ஈய லம்பத்து (ஈயச் சுரங்கத்து)க் குளத்தில் இருந்து ஹைட்ரில்லா கொடி பறித்து வந்து போட்டிருக்கிறான். கடையில் வாங்கிய ஜாவா பாசியும் அதோடு போயிருக்கிறது. இப்போது கண்ணாடி முழுக்க நத்தை. அப்பாவின் நண்பர், தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்கிறவர், ஒரு பொட்டலம் மயில்துத்தம், அதாவது செம்பு கலந்த காப்பர் சல்பேட் பொடி, கொடுத்து, "ஒரு சிட்டிகை போடு, காலையில் ஒரு நத்தை இருக்காது" என்று சொல்லியிருக்கிறார். மீன் கடைக்காரர் நத்தை தின்னும் பஃபர் மீன் வாங்கி விடச் சொல்கிறார். அம்மாவோ வீட்டுக்குள் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்கிறார். பேசாமல் எல்லாவற்றையும் லோங்காங்கில் (சாக்கடையில்) கொட்டிக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

முதலில் அந்தப் பொட்டலத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது. தங்கச்சி, அதைத் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீர்கள். செம்பு நத்தையைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் இறாலும் செம்புக்குத் தாங்காது. உங்கள் செர்ரி இறாலும் கூடவே போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிரம்பினால் 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். மீன் நோய்க்குச் செம்பு மருந்து கொடுக்கிறவர்கள் லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் செம்புக்குள் நிறுத்துவார்கள். அதற்கும் சோதனைக் கிட் வைத்து அளந்துகொண்டே இருப்பார்கள். மயில்துத்தத்தின் எடையில் கால் பங்குதான் செம்பு. அப்படியானால் உங்கள் தொட்டிக்கு அந்த மேல் வரம்பை எட்டவே சுமார் 35 மில்லிகிராம் மயில்துத்தம் போதும். விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை சுமாராக 300 மில்லிகிராம் வரும். எட்டு மடங்குக்கு மேல். சமையலறைத் தராசில் 35 மில்லிகிராமை அளக்கவே முடியாது.

இதில் நம் ஊர்த் தண்ணீருக்கும் பங்கு உண்டு. தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல் மலைகளில் இறங்கி வரும் ஆற்று நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. இப்படிப்பட்ட மென்னீரில் செம்பின் நஞ்சு கூடுதலாக வேலை செய்யும். கடின நீரில் செம்பின் ஒரு பகுதி கார்பனேட்டோடு சேர்ந்து அடங்கிவிடும். மென்னீரில் அப்படி அடக்க ஒன்றும் இல்லை. ஈப்போ பக்கம் சுண்ணாம்புக்கல் மலைத் தண்ணீரில் ஒருவர் பிழைத்த அளவை நீங்கள் நம்பிப் போட முடியாது. போட்ட செம்பு மணலிலும் வண்டலிலும் ஒட்டிக்கொண்டு பல காலம் மெதுவாகக் கசியும் என்பது இன்னொரு தொல்லை. தண்ணீரை மாற்றினாலும் அந்த மணலில் மறுபடி இறால் விட யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்பாவின் நண்பரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தோட்டத்தில் அந்தப் பொடிக்கு வேலை இருக்கிறது. தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துக் கம்புட் மண்ணில் (மக்கிய சதுப்பு மண்ணில்) செம்பனைக்குச் செம்புச் சத்து போதாமல் ஓலை வெளுக்கும். அதற்காகவே காப்பர் சல்பேட் போடுவார்கள். மண்ணுக்குப் போடுவது வேறு, 45 லிட்டர் தண்ணீரில் போடுவது வேறு. இதே காரணத்துக்காக இன்னும் இரண்டையும் சொல்லி வைக்கிறேன், யாராவது அன்போடு கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒன்று, தேயிலைக் கொட்டைப் புண்ணாக்கு. நெல் வயலில் நத்தைக்குப் போடுகிறார்கள், சரி. ஆனால் இறால் குளங்களில் அதே புண்ணாக்கை வேண்டாத மீன்களைக் கொல்லப் போடுகிறார்கள். அதில் உள்ள சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். இன்னொன்று, காய்கறித் தோட்டத்து நீல நத்தை மாத்திரை. அது தரையில் ஊரும் நத்தைக்காகச் செய்தது, தண்ணீருக்குள் போடும் பொருளே இல்லை.

எந்த மருந்தாக இருந்தாலும், அது சொன்னபடியே வேலை செய்தால்கூட, அப்புறம் நடப்பதைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே இரவில் மணலுக்குள்ளும் பாசிக்குள்ளும் ஃபில்டருக்குள்ளும் செத்துக் கிடக்கும். கைக்கு எட்டியதை எடுக்கலாம், எட்டாதது அழுகும். அம்மோனியா ஏறும். மருந்துக்குத் தப்பிய கப்பி அதில் போகும். நத்தையை ஒழிக்கப் போய்த் தொட்டியையே இழந்தவர்கள் பலரும் இந்த இரண்டாவது கட்டத்தில்தான் இழந்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் உங்களிடம் இருப்பது என்ன நத்தை என்று தெரிய வேண்டும். ஹால் விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் காணாதது எல்லாம் வெளியே வந்திருக்கும்.

மெல்லிய, பழுப்பு நிற, ஒளி ஊடுருவும் ஓட்டோடு கண்ணாடியில் வேகமாக ஊர்வது பெரும்பாலும் ஃபைசா நத்தை. கடைகளில் பிளாடர் என்பார்கள். ஒன்றைக் கையில் எடுத்துக் கூர்முனை மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் அதுதான். குளத்து நத்தையான லிம்னியாவுக்கு வாய் வலப்பக்கம் இருக்கும். ஃபைசா ஒன்றே இருபாலும் ஆனது. துணை கிடைக்காவிட்டால் தானே கருவுற்று முட்டையிடும். ஒரே ஒரு குஞ்சு பாசியோடு வந்தால் போதும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: அரை விரல்நக நீளத்தில் கண்ணாடி போன்ற பசை, உள்ளே கடுகைவிடச் சிறிய புள்ளிகள் வரிசையாக. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் முதிர்ந்த முட்டைக்குள் ஓடு சுழல்வதே தெரியும். நம் ஊர் வெப்பத்தில், 28 பாகையை ஒட்டிய தண்ணீரில், ஒரு வாரம் சற்று முன்பின் பொரிந்துவிடும். நமக்குக் குளிர்காலம் கிடையாது, அதனால் ஆண்டு முழுக்க இதே வேகம்தான்.

தட்டையாக, சுருட்டி வைத்த கயிறு மாதிரி இருந்தால் ராம்ஸ்ஹார்ன். சில செக்கச் சிவப்பாக இருக்கும். அதன் இரத்தத்தில் நம்மைப் போலவே ஹீமோகுளோபின் இருப்பதுதான் காரணம். மேல்தோலில் கருநிறம் இல்லாத வகையில் அது அப்படியே தெரிகிறது.

நீளமாக, கூம்பாக, மணலுக்குள் இருந்து இரவில் மட்டும் எழுந்து வந்தால் அது டிரம்பெட் நத்தை. உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் அதை மலேசியன் டிரம்பெட் என்றே அழைக்கிறார்கள். ஆனால் 1774-ல் டேனிஷ்காரரான ஓட்டோ ஃபிரடெரிக் முல்லர் அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தபோது கிடைத்த இடமாகக் குறித்தது நம் முன்னோர்களின் சோழமண்டலக் கரையை. ஆப்பிரிக்காவில் இருந்து தென்கிழக்காசியா வரை அதற்குச் சொந்த இடம். பெண் நத்தை ஆண் இல்லாமலே குட்டி போடும், முட்டையிடாது. குட்டி வெளியே வரும்போதே ஓட்டோடு ஊர்ந்து போகும். வாயை அடைத்துக்கொள்ளும் மூடி ஒன்றும் உண்டு. அதனால் சில நாள் காய்ந்தாலும் சாகாது, மருந்துக்கும் எளிதில் மசியாது. இந்த நத்தையை முழுக்க ஒழிப்பேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மூன்றிலும் தொட்டிக்கு அதிகம் உதவுவது இதுதான். மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும், அடியில் கெட்ட வாயு சேர விடாது. பட்டப்பகலில் இவை கூட்டமாகக் கண்ணாடி மேல் ஏறி நீர்மட்டத்துக்கு வந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, அல்லது அடியில் ஏதோ அழுகுகிறது. மீன் மூச்சுக்குத் திணறும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த மூன்றும் உயிருள்ள நல்ல செடியைப் பெரும்பாலும் தொடாது. பழுத்த இலை, பாசி, மீதித் தீனி, செத்த மீன் இவைதான் அவற்றின் சாப்பாடு. ஓட்டை விழுந்த இலையில் நத்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அதுதான் தின்றது என்று நினைக்கிறோம். அழுகின பிறகு வந்து உட்கார்ந்திருக்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. தோட்டத்து ஆபீஸ் வாசலில் இருக்கும் மழைமானி பெய்த மழையைக் காட்டுவதுபோல, நத்தையின் எண்ணிக்கை நீங்கள் போடும் மிச்சத் தீனியைக் காட்டுகிறது. அவ்வளவுதான். நத்தை காற்றைத் தின்று பெருகாது. கண்ணாடி முழுக்க நத்தை என்றால் அத்தனைக்கும் போதுமான உணவு தினமும் உள்ளே விழுகிறது. அதைக் குறைக்காமல் ஆயிரம் நத்தையைப் பொறுக்கினாலும் மிச்சம் இருப்பதற்குச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும், அது இன்னும் வேகமாக முட்டையிடும். இரண்டு வாரத்தில் பழைய கதை. தீனியைக் குறைத்தால் நத்தை முட்டையிடுவது தானாகவே குறைகிறது, குஞ்சுகளும் வளர்வதில்லை.

நம் வீடுகளில் நடப்பது எனக்குத் தெரியும். காலையில் அப்பா ஒரு சிட்டிகை, பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு சிட்டிகை, சாயங்காலம் பாட்டி "பாவம், வாயைத் திறந்து திறந்து கேட்குது" என்று ஒரு கை. கப்பி எப்போது கேட்டாலும் பசித்த மாதிரிதான் வரும், அதை நம்பக் கூடாது. இன்றிலிருந்து வீட்டில் ஒருவர் மட்டும் தீனி போடட்டும். தீனி டப்பாவை அலமாரியில் எடுத்து வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு. ஒரு துகள்கூட மணலில் போய் உட்காரக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் தீனியே வேண்டாம். வளர்ந்த, நோயில்லாத கப்பி ஓரிரு நாள் பட்டினியில் கெட்டுப்போகாது. குஞ்சுகள் இருந்தால் மட்டும் அவற்றைத் தனிச் சட்டியில் எடுத்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்; குஞ்சைப் பட்டினி போடக் கூடாது. இறாலைப் பற்றிக் கவலை வேண்டாம், பாசித் தொட்டியில் அது மேய்ந்து பிழைத்துக்கொள்ளும். இறாலுக்கென்று தனியாக மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அதை நிறுத்துங்கள். நத்தைக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

அதோடு ஹைட்ரில்லாவின் அடிப்பக்கத்துப் பழுப்புத் தண்டுகளைக் கத்தரித்து எடுங்கள். வாரம் ஒரு முறை ட்யூப் வைத்து மணல் மேல் படிந்த அழுக்கை உறிஞ்சி, கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் எடுக்கும் மருந்தை மறக்காதீர்கள். விளக்கு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் எட்டாகக் குறையுங்கள், ஜன்னல் வெயில் நேராகப் படுகிறதா என்றும் பாருங்கள். பாசி குறைந்தால் நத்தைக்கு இன்னொரு சட்டியும் காலி.

உடனே பலன் தெரியாது, பொறுமை வேண்டும். முதல் இரண்டு வாரம் கூடுதலாகவே தெரியும், பசித்த நத்தை எல்லாம் மேலே வந்து தேடும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் கண்ணாடியில் புதிய முட்டைப் பசை அரிதாகிவிடும்.

காத்திருக்க மனமில்லை, இன்றே கண்ணாடி தெரிய வேண்டும் என்றால் பொறி வைக்கலாம். சாவிக் கீரை (கடுகுக் கீரை) இலையோ தடித்த வெள்ளரித் துண்டோ எடுத்துக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். துருப்பிடிக்காத முள்கரண்டியில் குத்தி விளக்கு அணைக்கும் நேரத்தில் அடியில் இறக்கிவிடுங்கள். காலை விளக்கு போடும் முன் மெதுவாகத் தூக்குங்கள். தட்டிவிடாமல் தூக்குவதுதான் விஷயம். இலையின் இருபக்கமும் நத்தை அப்பிக்கொண்டிருக்கும். இறால் இருந்தால் உதறி இறக்கிவிடுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து செய்தால் வித்தியாசம் தெரியும். சின்ன மினரல் வாட்டர் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே வெள்ளரி போட்டும் வைக்கலாம். அதில் குட்டி மீனும் இறாலும் மாட்டும் என்பதால் உங்கள் தொட்டிக்கு நான் இலையையே சொல்வேன். கண்ணாடியில் இருக்கும் முட்டைப் பசையைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, விழுவதை உடனே ட்யூபால் உறிஞ்சிவிடுங்கள். இலையைக் காலையில் எடுக்க மறந்து பள்ளிக்கோ வேலைக்கோ போய்விட்டால் அதுவே நத்தைக்கு இன்னொரு வேளைச் சாப்பாடு ஆகிவிடும், ஜாக்கிரதை.

பஃபர் மீன் விஷயத்துக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் குட்டி பஃபர், பட்டாணி பஃபர் என்பது கேரளத்து ஆறுகளின் மீன். மூன்று, மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது, கண்ணை உருட்டி நம்மையே பார்க்கும், பார்க்க அவ்வளவு அழகு. நத்தையை விரும்பித் தின்னும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கப்பியின் வால் அதற்குப் பட்டுத்துணி மாதிரித் தொங்கும் தீனி, கிழித்துவிடும். செர்ரி இறாலையும் விடாது. பஃபர் வளர்க்க ஆசை இருந்தால் அதற்கென்று தனித் தொட்டி வைத்து, இங்கே பொறுக்கிய நத்தையை அங்கே கொடுங்கள். பச்சைப் புள்ளி பஃபர் இன்னும் பெரிதாகும், வளர வளர உப்புக் கலந்த தண்ணீர் கேட்கும், கப்பித் தொட்டிக்கு அது ஆகவே ஆகாது. கிளவுன் லோச் வாங்கச் சொல்வார்கள். சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் மீன் அது, நத்தையை உறிஞ்சித் தின்னும். ஆனால் 20, 30 சென்டிமீட்டர் வளரும், கூட்டமாக இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும். இரண்டடித் தொட்டியில் அதைப் போடுவது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை.

உங்கள் தொட்டிக்குப் பொருந்தும் வேட்டைக்காரன் ஒன்று இருக்கிறது: அசாசின் நத்தை. மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை போட்ட ஓடு, நம் தென்கிழக்காசிய ஆறுகளின் நத்தைதான். மணலுக்குள் பதுங்கி இருந்து, குழாய் போன்ற மூக்கை மட்டும் வெளியே நீட்டி மோப்பம் பிடித்து, மற்ற நத்தையைத் துரத்திப் பிடித்துத் தின்னும். ஆண், பெண் தனித்தனி, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு முட்டைதான் ஒட்டும், வளரவும் நிறைய மாதம் ஆகும். அதனால் அதுவே பெருந்தொல்லையாக மாறுவது அரிது. நல்ல உடல்நிலையில் உள்ள இறாலைப் பொதுவாகத் தொடாது; நோய்ப்பட்டதையும் தோல் உரித்துப் பலவீனமாக இருப்பதையும் எடுக்கலாம். ஐந்தாறு போதும். ஆனால் தீனியைக் குறைத்த பிறகு வாங்குங்கள். தீனி நிறையப் போடும் தொட்டியில் அசாசினும் அந்தத் தீனியையே தின்றுகொண்டு சும்மா இருக்கும்.

இங்கே அம்மா சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அதை நான் மதிக்கிறேன். வேட்டை நத்தையோ பொறியோ இல்லாமல், தீனியை மட்டும் குறைத்து முட்டைப் பசையைச் சுரண்டிக்கொண்டு வந்தாலும் போதும், நாள்தான் கொஞ்சம் கூடும். பிறப்பதைக் குறைக்கிறோம், இருப்பதைக் கொல்லவில்லை. கடைசியில் பத்துப் பதினைந்து நத்தை மிஞ்சினால் அவற்றை அப்படியே விடுங்கள் என்பதுதான் என் சொந்தக் கருத்தும். அழுகும் இலையையும் கண்ணாடிப் பாசியையும் தின்று அவை உங்களுக்கு வேலையை மிச்சப்படுத்தும்.

ஆனால் தம்பி லம்பத்தில் இருந்து கொண்டுவந்த கொடியைப் பற்றி நான் உண்மையிலேயே கவலைப்படுகிறேன். கடை நத்தை வேறு, குளத்து நத்தை வேறு. மாடு மேயும் இடத்துக் குளங்களிலும் வயல்களிலும் இருக்கும் ஒரு வகை ராம்ஸ்ஹார்ன் நத்தைக்குள் மாட்டு இரத்தப் புழு ஒன்றின் இளம்பருவம் வளரும். நத்தையை விட்டு வெளியே வரும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழு மனிதத் தோலில் துளைத்து, உள்ளே வாழ முடியாமல் செத்துப்போகும். தோல் தடித்து ஒரே அரிப்பாக அரிக்கும். மலாயாவில் வயலில் இறங்கியவர்களுக்கு வந்த இந்த அரிப்பை 1938-லேயே ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். மாடு இல்லாத உங்கள் தொட்டிக்குள் அந்தப் புழு புதிதாகப் பரவ வழியில்லை. ஏற்கெனவே புழு ஏறிய நத்தை சாகும் வரைதான் ஆபத்து. அதுவரை கையுறை போட்டுக்கொண்டு தொட்டிக்குள் கை விடுங்கள், வெளியே எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். சின்னப் பிள்ளைகள் நத்தையோடு விளையாட வேண்டாம். காட்டு நத்தையை நசுக்கி மீனுக்குப் போடுவதும் வேண்டாம்; மீனைத் தாக்கும் ஒட்டுண்ணிகளும் அதில் இருக்கலாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நீர்மட்டத்துக்கு மேலே, கண்ணாடியிலோ மூடியிலோ, ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டை ஒட்டியிருக்கிறதா? அப்படி இருந்தால் அது சிப்புட் கொண்டாங் எமாஸ், அதாவது தங்க ஆப்பிள் நத்தை. தென் அமெரிக்காவில் இருந்து வந்தது, 1990-களின் தொடக்கத்தில் மலேசியாவில் தென்பட்டு, நெல் வயல்களில் இளம் நாற்றை அறுத்துத் தின்று விவசாயிகளைப் பாடாய்ப் படுத்துகிறது. நான் மேலே சொன்ன மூன்றைப் போல இது சாது இல்லை, உங்கள் ஹைட்ரில்லாவை மொட்டையடித்துவிடும். எலி நுரையீரல் புழுவையும் சுமக்கக் கூடியது, அந்தப் புழு மனிதனுக்குள் போனால் மூளைக்காய்ச்சல் வரும். முட்டையில் நஞ்சு உண்டு, வெறுங்கையால் தொடாதீர்கள். அட்டையால் சுரண்டிப் பையில் போட்டுக் கட்டுங்கள். அம்மாவிடம் நானே பேசத் தயார்: இந்த ஒரு நத்தையை மட்டும் விட்டுவைக்க முடியாது.

அடுத்த முறை செடி வாங்கும்போது நேரே தொட்டியில் போடாதீர்கள். ஒரு வாளியில் மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்ப்பதுதான் நான் நம்பும் வழி. முட்டை இருந்தால் பொரிந்து கண்ணுக்குத் தெரிந்துவிடும், ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். அவசரம் என்றால் வாசனை சேர்க்காத குளோராக்ஸ் ஒரு பங்கு, தண்ணீர் பத்தொன்பது பங்கு. அனூபியாஸ் போன்ற தடித்த இலைச் செடியை அதில் இரண்டு நிமிடம் முக்கி, ஓடும் தண்ணீரில் அலசி, குளோரின் எடுக்கும் மருந்து கூடுதலாகக் கலந்த வாளியில் ஊறவைத்து, வாசனை முழுக்கப் போன பிறகு தொட்டியில் வையுங்கள். ஜாவா பாசிக்கும் ஹைட்ரில்லாவுக்கும் இது ஆகாது, வெந்துபோகும். அவற்றுக்குப் படிகாரம் பரவாயில்லை. நம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலச வேண்டும். நத்தை போகும், முட்டை முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் அதற்குப் பிறகும் வாளியில் வைத்துப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் கொட்டிக் கழுவலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் வளர்ந்திருக்கும் நல்ல பாக்டீரியா எல்லாம் போய்விடும். தொட்டி மறுபடி பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் மீன் அம்மோனியாவில் தவிக்கும். அத்தனையும் செய்து அதே பாசியை மறுபடி உள்ளே வைத்தால் நத்தையும் கூடவே வரும். ஃபில்டரை மட்டும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். மோட்டாரின் காற்றாடியில் குட்டி நத்தை போய்ச் சிக்கினால் சத்தம் வரும், தண்ணீர் ஓட்டமும் குறையும். பஞ்சைத் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயில் காட்டாதீர்கள். உறிஞ்சும் வாயில் ஒரு துண்டுப் பஞ்சை மாட்டிவிட்டால் குட்டி இறாலும் பிழைக்கும்.

லோங்காங்கில் எதையும் கொட்டாதீர்கள். நத்தையை மட்டும் சொல்லவில்லை, பறித்தெடுத்த கொடி, வளர்ந்துவிட்ட பண்டாராயா மீன் (கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் மீன்) எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். லோங்காங் ஆற்றுக்குப் போகிறது. சுங்கை லங்காட்டிலும் கிள்ளானிலும் இன்று மண்டிக் கிடக்கும் பண்டாராயா மீன் தென் அமெரிக்க மீன்தான், வீட்டுத் தொட்டிகளில் இருந்து தப்பியதும் விட்டதுமாகப் பெருகியது. பொறுக்கிய நத்தையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரீசரில் ஓர் இரவு வைத்து, மறுநாள் வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதையுங்கள். கொல்ல மனம் வராவிட்டால் மூடி போட்ட வாளியில் சேர்த்து வைத்து, பஃபர் வளர்ப்பவர் யாரையாவது கேட்டுக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மீன் கடைக்காரரே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் லம்பத்து நத்தை கலந்திருக்கலாம் என்பதைச் சொல்லியே கொடுங்கள். வெட்டியெடுத்த ஹைட்ரில்லாவைச் சிமெண்டுத் தரையில் பரப்பி நொறுங்கும் வரை வெயிலில் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். மாற்றி எடுத்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பூச்செடிக்கு ஊற்றலாம், செடிக்கு நல்ல உரம். மயில்துத்தப் பொட்டலத்தை அப்பாவின் நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.